கோடை முகாமுக்குப் பேருந்து வேண்டாம், கண்மாய்க் கரை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததுமே கோடை முகாம் அறிவிப்புகள் நாளிதழை நிறைத்துவிடுகின்றன. நீச்சல், செஸ், கையெழுத்துப் பயிற்சி வரிசையில் இப்போது இயற்கை முகாமும் சேர்ந்திருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நடத்தும் முறை பெரும்பாலும் ஒன்றே: ஒரு பேருந்தில் 60 பிள்ளைகள், தூரத்தில் ஒரு சரணாலயம், மதியச் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். வெயில் ஏறிய பிறகு போய் இறங்கினால் பறவைகள் எல்லாம் நிழலில் ஒடுங்கியிருக்கும். வீடு திரும்பும் பிள்ளைக்கு வாசலில் நிற்கும் மரத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

முதல் கோளாறு பருவம். வேடந்தாங்கலில் பறவைகள் கூடுவது நவம்பர் முதல் மார்ச் வரை. வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் ஏப்ரலுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். பட்டாம்பூச்சிகள் பெருகுவது மழைக்குப் பிறகுதான். தும்பை, குப்பைமேனி போன்ற பூண்டுகள் கத்திரி வெயிலில் கருகிக் கிடக்கும். மே மாதத்தில் பார்க்கக் கிடைப்பவை மரங்களும், உள்ளூரிலேயே தங்கிக் கூடு கட்டும் பறவைகளும். இவற்றுக்காக எங்கேயும் போக வேண்டாம். மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தாலே போதும்.

அப்படியொரு பயிலரங்குக்கு அடுத்தடுத்து ஐந்து காலைகள் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டினால் எதுவும் மனத்தில் தங்காது. காலை 6 மணிக்குத் தொடங்கி 8.30-க்குள் முடித்துவிட வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு 12 பிள்ளைகள், அதற்கு மேல் கூடாது. வரிசையின் கடைசியில் பெரியவர் ஒருவர் வரட்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பென்சில், சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு. பேனா வேண்டாம், வியர்வைக் கை பட்டால் மை கலைந்துவிடும். ஐந்து நாளில் 8 மரங்கள், 8 பறவைகள், 4 பூச்சிகள் என்று 20 உயிர்களை உறுதியாகக் கற்றுக்கொண்டால் அதுவே நிறைவு. 100 பெயர்களை ஒப்பிக்க வைக்கும் முகாம்களில் எங்களுக்கு நம்பிக்கையில்லை.

மரத்திலிருந்து தொடங்குவது நல்லது, அது பறந்து போகாது. பிள்ளைகள் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு: இலை எது, சிற்றிலை எது? புங்கை மரத்தில் ஒரு பிள்ளையிடம் ஓர் இலையைப் பறித்து வரச் சொன்னால், ஒற்றைச் சிற்றிலையைத்தான் கிள்ளிக்கொண்டு வரும். காம்பு கிளையோடு சேரும் கோணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சின்ன மொட்டு இருந்தால், அந்த இடத்தில் தொடங்கும் காம்பு முழுவதும் ஓர் இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. அப்படிப் பார்த்தால் புங்கையில் 5, 7, 9 என்று சிற்றிலைகள் சேர்ந்ததுதான் ஓர் இலை என்று புரியும். வேம்பு, மலைவேம்பு குழப்பமும் இதிலேயே தீரும். வேம்பின் இலைக்காம்பிலிருந்து சிற்றிலைகள் நேராகவே கிளைக்கும். மலைவேம்பில் காம்பு மறுபடி கிளைத்து அதன் பிறகே சிற்றிலை வரும்.

அடுத்து வேல மரங்கள். கண்மாய்க்குள் எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேலம். கரையோரத்தில் நாட்டுக் கருவேலமும் வெள்வேலமும் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் முள் மரங்கள், அவ்வளவுதான். சீமைக்கருவேலத்தின் பூ விரல் போல நீண்ட, வெளிர் மஞ்சள் கதிர். காய் நேராகவோ சற்று வளைந்தோ இருக்கும், பழுத்தால் வைக்கோல் நிறம், ஆடுகள் விரும்பித் தின்னும். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. ஆனால் மே மாதத்தில் பூவைவிடக் காயே அதிகம் கிடைக்கும். விதைக்கு விதை இடுக்கி, கோத்த மணிமாலை போல இருக்கும், மேலே சாம்பல் நிறப் பூனைமயிர். வெள்வேலம் மழைக்காலத்தில்தான் பூக்கும் என்பதால் கோடையில் பட்டையைப் பார்க்க வேண்டும். கருவேலப் பட்டை கறுத்து ஆழமாக வெடித்திருக்கும், வெள்வேலப் பட்டை வெளுத்திருக்கும். சீமைக்கருவேலம் அகற்றும் பணிகள் ஊர்தோறும் நடக்கும் காலம் இது. இந்த வேறுபாடு தெரியாத கையில் அரிவாளைக் கொடுத்தால் நாட்டு மரமும் சேர்ந்தே விழும்.

இலை உலர்த்தக் கற்றுக்கொடுப்பது எளிது. பூவோ காயோ உள்ள ஒரு சாண் கொப்பை எடுத்து, பழைய நாளிதழ்த் தாள்களுக்கு நடுவில் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்க வேண்டும். முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வழவழப்பான இணைப்பிதழ்த் தாள் ஈரத்தை உறிஞ்சாது, அது உதவாது. சாலையோரத்தில் மிகுதியாக உள்ள மரங்களில் மட்டும் எடுக்கலாம். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. மரத்தில் பெயர்ப்பலகை வைக்கும் ஆசை வந்தால் ஆணி அடிக்காதீர்கள். தேங்காய்நார்க் கயிற்றில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டாலே போதும்.

பறவைக்கு வருவோம். பெயரைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முதலில் அளவு: சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து, இந்த நான்கில் எதை ஒட்டியது? பிறகு அலகு, வால், கண், எங்கே உட்கார்ந்திருக்கிறது, என்ன செய்கிறது. நிறம் இவற்றுக்கெல்லாம் பின்னால் வரட்டும். நிறத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கறுப்புப் பறவைகளே பாடம். மின்கம்பியில் உட்கார்ந்து, பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புவது கரிச்சான், வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். இலைக்குள் ஒளிந்து கூவும் ஆண் குயிலுக்குச் சிவந்த கண், வெளிர் பச்சை அலகு. கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் காகம்; முழுக்கக் கறுத்து அலகும் தடித்திருந்தால் அண்டங்காக்கை. பெண் குயிலோ பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அதை ஆண் குயிலுக்குச் சோடி என்று எந்தப் பிள்ளையும் முதலில் நம்பாது.

தொலைநோக்கி 8x42 அளவு (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்லென்ஸ்) போதும். 10 மடங்கு உருப்பெருக்கத்தில் பிள்ளைகளின் கை நடுக்கமும் பெருகித் தெரியும். கண்ணாடி அணிந்த பிள்ளைக்குக் கண்வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் இருண்டு போகும். பறவையின் மேலிருந்து பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை முதல் நாளே அசையாத மரத்துண்டு எதையாவது வைத்துப் பழக்கிவிடலாம். 10 மடங்குக் கைலென்ஸையும் கண்ணை ஒட்டிப் பிடித்து, இலையைத்தான் லென்ஸுக்கு இரண்டரை சென்டிமீட்டர் வரை நெருக்க வேண்டும். துப்பறிவாளர் போல எட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

செல்பேசிச் செயலிகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். குறிப்பெழுதிய பிறகு சரிபார்க்க, பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லினும் எல்லா உயிர்களுக்குமான ஐநேச்சுரலிஸ்ட்டும் உதவும். ஆனால் ஒற்றை இலையின் படத்தைக் கொடுத்தால் செயலியும் தடுமாறும். இலையின் மேல்புறம், அடிப்புறம், பூ அல்லது காய், பட்டை எல்லாம் தேவை. குரலை மட்டும் கேட்டுச் செயலி சொல்லும் பெயரைப் பறவையைக் கண்ணால் பார்க்காமல் எழுதக் கூடாது. கரிச்சான் வல்லூறைப் போலவே கத்தி ஏமாற்றும்.

பூச்சிகளுக்கு எருக்கும் கறிவேப்பிலையும் போதும். எருக்கிலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு திரிவது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலத் தெரிவதும் புழுவேதான், வளர்ந்தபின் பச்சையாக மாறிவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் விழியைக் கெடுத்துவிடும். அந்தச் செடியைத் தொடவிடாமல் பார்க்க மட்டும் வையுங்கள். அரளி, ஊமத்தை, குன்றிமணி போன்ற நச்சுச் செடிகள் எவை என்று முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

ஆள்காட்டிக் குருவி வெட்டவெளித் தரையிலேயே முட்டையிடும், பெரும்பாலும் நான்கு. நிறமும் புள்ளியும் மண்ணோடு கலந்து போவதால் காலில் மிதிபடும் வரை தெரியாது. தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். தாய்ப்பறவை நிழல் தராவிட்டால் மே வெயிலில் முட்டைகள் வெந்துவிடும். கூட்டைப் படமெடுக்க அங்கேயே நிற்கும் வழிகாட்டி வழிகாட்டியே அல்ல. பாம்பைப் பிடித்துக் கையில் கொடுக்கும் முகாம்களும் அப்படித்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். கட்டுவிரியனையும் விஷமில்லாத ஓநாய்ப்பாம்பையும் பெரியவர்களே மாற்றிச் சொல்வதுண்டு. பிள்ளைகளுக்கு ஒரே பாடம் போதும்: எந்தப் பாம்பாக இருந்தாலும் விலகி நிற்பது.

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மே மாதத்தில் நடந்த அதே கரையில் அக்டோபர் மழைக்குப் பிறகு ஒரு காலையும், ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நாளில் ஒரு காலையும் பிள்ளைகளை மீண்டும் நடத்துங்கள். மூன்று பட்டியல்களையும் தேதி, நேரம், இடத்தோடு ஒரே நோட்டில் எழுதி நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் அந்த நோட்டிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
கண்மாய்க் கரை நடை வழிகாட்டிகள் சிலர்,
மதுரை