இடைக்காலப் பொறுப்பில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உங்கள் தலைமைப் பயிற்சியாளர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதையும், அங்கே பெண்கள் டென்னிஸ் அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்த உன்னை இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்திருப்பதையும் நீ தொலைபேசியில் சொன்னபோது, உன் குரலில் மகிழ்ச்சியும் கலக்கமும் சேர்ந்தே இருந்தன. அவசரப் பேச்சில் அடங்காத விஷயம் என்பதால் எழுதுகிறேன். இன்னொரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக் கணக்குப் பிரிவில் என் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். இயக்குநர் மாறினால் அந்தத் துறையில் என்னென்ன அசையும் என்பதை உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் புதிய விளையாட்டுத் துறை இயக்குநர் வந்தார், டிசம்பரில் உங்கள் பயிற்சியாளர் போனார், ஜனவரியில் போட்டிகள் தொடங்குகின்றன. இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, அணியில் ஏதோ குறை இருந்ததால்தான் இப்படி நடந்ததோ என்று நீ கேட்டாய். அப்படி எண்ண வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஓரிடத்தில் ஒரு நாற்காலி காலியானால் அதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டே போதும். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறை இயக்குநர் ஜீன் ஸ்மித் ஓய்வு பெறவிருந்ததால் அந்த இடத்துக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் இயக்குநர் ராஸ் பியோர்க் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் விட்டுச் சென்ற இடத்துக்கு நெப்ராஸ்காவிலிருந்து ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் போனார். நெப்ராஸ்காவுக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து, அங்கு பொறுப்பேற்று ஏறத்தாழ அரையாண்டே ஆகியிருந்த ட்ராய் டேனன் வந்தார். வாஷிங்டனுக்குப் பக்கத்து வாஷிங்டன் ஸ்டேட்டின் பாட் சன் வந்தார். அதே ஆண்டு ஜனவரியில் அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வை அறிவித்ததும், வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோர் அங்கே போக, அரிசோனாவிலிருந்து ஜெட் ஃபிஷ் வாஷிங்டனுக்குப் போக, சான் ஹோசே ஸ்டேட்டிலிருந்து பிரெண்ட் பிரென்னன் அரிசோனாவுக்குப் போனார். ஒரு மனிதர் ஓய்வு பெற்றதில் அவரை நேரில் பார்த்தே இராத எத்தனையோ உதவிப் பயிற்சியாளர்கள் வேலை தேட வேண்டியதாயிற்று. உன் அணிக்கு நேர்ந்ததும் இந்த வகைதான்.

புதிய இயக்குநரைப் பற்றி நீ கோபமாகப் பேசினாய். அவர் டென்னிஸ் மைதானத்துக்கு ஒருமுறைகூட வரவில்லை என்றாய். வரவேண்டியவர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவருடைய மேசையில் என்ன இருக்கிறது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜூன் 6-ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகம் 2025-26 கல்வியாண்டில் தன் விளையாட்டு வீரர்களுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. வருமானம் ஈட்டாத விளையாட்டுகளின் செலவுக் கணக்கு முன்னைவிடக் கூர்மையாகப் பார்க்கப்படுகிறது. உதவித்தொகை வரம்புக்குப் பதிலாக அணியின் எண்ணிக்கைக்கே இப்போது வரம்பு வந்துவிட்டது. பெண்கள் டென்னிஸில் முன்பு 8 முழு உதவித்தொகைகள், இப்போது 10 பேர் கொண்ட அணி. 10 பேருக்கும் கொடுக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது, கொடுக்கப் பணம் இருக்கிறதா என்பது இயக்குநரின் கவலை. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டம் பெண்களின் அணிகளை நினைத்தபடி வெட்டிவிட முடியாமல் ஓரளவு காக்கிறது. ஆனாலும் அணி இருப்பது வேறு, அணிக்குத் தேவையானது கிடைப்பது வேறு. ஆகவே அவரைச் சந்திக்கும்போது குறைகளோடு போகாமல் எண்களோடு போ: பயணச் செலவு எவ்வளவு, அணியின் சராசரி மதிப்பெண் என்ன, எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டம் பெறுகிறார்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடு. கணக்குப் பிரிவில் இருந்தவனாகச் சொல்கிறேன், புதிதாக வரும் எந்த இயக்குநரும் அப்படிப்பட்ட ஒரு பக்கத்தைப் படிக்காமல் விடுவதில்லை.

இடைக்காலப் பொறுப்பில் வென்றுவிட்டால் நிரந்தரமாக்கி விடுவார்களா என்பதுதான் உன் மனத்தில் முதலில் நிற்கும் கேள்வி. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் மிச்சிகன். 1989-இல் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டி தொடங்கும் தறுவாயில், தான் அரிசோனா ஸ்டேட்டுக்குப் போவதாக அதன் பயிற்சியாளர் பில் ஃப்ரீடர் அறிவித்தார். இயக்குநர் போ ஷெம்பெக்லர் அவரை உடனே விலக்கிவிட்டு உதவியாளர் ஸ்டீவ் ஃபிஷரிடம் அணியை ஒப்படைத்தார். ஆறு ஆட்டங்களையும் வென்று, இறுதியில் செட்டன் ஹாலைக் கூடுதல் நேரத்தில் 80-79 என்று வீழ்த்தி மிச்சிகன் பட்டம் பெற்றது. வேலையும் ஃபிஷருக்கே கிடைத்தது. இதைச் சொல்பவர்கள் வர்ஜீனியாவைச் சொல்வதில்லை. 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது அங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த டோனி பென்னட் ஓய்வு பெற, பல ஆண்டுகள் அவரோடு இருந்த ரான் சான்செஸ் இடைக்காலப் பொறுப்பேற்றார்; 15 வெற்றி, 17 தோல்வியோடு பருவம் முடிந்ததும் வேறொருவர் நியமிக்கப்பட்டார். சான்செஸ் திறமை குறைந்தவர் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேருக்குமே அணியும் நேரமும் அவர்கள் தேர்ந்தெடுத்தவை அல்ல. வேலை கிடைப்பதை மனத்தில் வைத்து ஒவ்வொரு ஆட்டத்தையும் நடத்தினால், தோள்வலியோடு இருக்கும் பெண்ணை இன்னொரு செட் ஆடச் சொல்லும் ஆசை வரும். மூத்த மாணவியின் இடத்தைப் பறித்து உடனடிப் புள்ளிக்கு ஓடும் ஆசை வரும். அந்த இடத்தில்தான் நீ உறுதியாக நிற்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மைதான மருத்துவ உதவியாளர் ஓய்வு என்று சொன்னால் ஓய்வுதான். அதனால் ஓர் ஆட்டம் போனாலும் போகட்டும்.

இப்போது உன் மாணவிகள். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் கையெழுத்திட்டது பல்கலைக்கழகத்தோடு என்றாலும், பதினேழு வயதில் அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு பயிற்சியாளரை. அவர் இல்லாத இடத்தில் தங்கள் படிப்பும் ஆட்டமும் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. வேறு கல்லூரிக்கு மாற விரும்புபவர்கள் பதிந்துகொள்ளும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுக்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். தலைமைப் பயிற்சியாளர் மாறும்போது அதற்கென்று தனிக் கால அவகாசம் உண்டு. அந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், உன் நினைவிலிருந்து ஒரு தேதியையும் சொல்லாதே. விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கி எல்லோருக்கும் ஒரே நாளில் கொடு. வெளிநாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்திருக்கும் மாணவிகளைத் தனியே கவனி: கல்லூரி மாறினால், வெளிநாட்டு மாணவர்களுக்காக அரசு வைத்திருக்கும் சேவிஸ் பதிவு மாற வேண்டும், விசாத் தகுதிக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் புதிதாக வர வேண்டும், இடையில் கவனக்குறைவு ஏற்பட்டால் பாதிக்கப்படுவது டென்னிஸ் மட்டுமன்று. படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம் என்று 2024-இல் விதி தளர்ந்தது உண்மைதான். ஆனால் படித்த பாடங்களை எல்லாம் புதிய கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்று எந்த விதியும் உறுதி தரவில்லை. மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு இதை நீ பொறுமையாக விளக்க வேண்டும், விளக்கிய பிறகு முடிவை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். "நான் இருக்கும்வரை நீ இங்கேயே இரு" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. பருவம் முடியும் மே மாதத்துக்குப் பிறகு நீ இருப்பாயா என்பது உனக்கே தெரியாதபோது, அந்த வார்த்தையை நம்பி ஒரு பெண் தன் வாய்ப்பைக் கைவிடக் கூடாது.

உன் பழைய பயிற்சியாளர் உனக்கு ஆசானைப் போன்றவர். உனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அவர் அழைத்தால் அன்போடு பேசு. பேச்சு உன் மாணவிகள் பக்கம் திரும்பினால் அங்கே நிறுத்திக்கொள். போர்ட்டலில் பெயர் வராத மாணவியை இன்னொரு கல்லூரியின் பயிற்சியாளர் நேரடியாகவோ மற்றவர் மூலமாகவோ அழைப்பது விதிமீறல், அந்த 'மற்றவர்' நீயாக இருந்துவிடக் கூடாது. உன்னையே தன் புதிய அணிக்கு உதவியாளராக அழைக்கிறார் என்றால் அது வேறு. அதை எண்ணிப் பார்க்க உனக்கு முழு உரிமை உண்டு, நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. பருவத்தின் நடுவில் மட்டும் போகாதே என்பது என் விருப்பம். ஒரே கல்வியாண்டில் இரண்டாவது முறையும் கைவிடப்படுவதை அந்தப் பெண்கள் தாங்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் இயக்குநர் அலுவலகத்தில் உன்னை அழைத்திருப்பதாகச் சொன்னாயே, அதற்கு முன் இவற்றை எழுதி வைத்துக்கொள். இடைக்காலப் பொறுப்பு எந்தத் தேதி வரை. தலைமைப் பயிற்சியாளருக்கான கூடுதல் ஊதியம் எந்த மாதத்திலிருந்து. நிரந்தரத் தேர்வில் நீ விண்ணப்பிக்கலாமா. தேர்வை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார்களா. வேறொருவர் வந்தால் உன் உதவிப் பயிற்சியாளர் பதவி தொடருமா அல்லது அவருடைய விருப்பத்துக்கு விடப்படுமா. பெரிய கால்பந்துப் பயிற்சியாளர்களை நீக்கினால் கோடிக்கணக்கில் இழப்பீடு கொடுக்கிறார்கள். 2023-இல் ஜிம்போ ஃபிஷரை நீக்க டெக்சஸ் ஏ அண்ட் எம் 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. டென்னிஸ் உதவிப் பயிற்சியாளருக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் கிடையாது, ஆகையால் கேட்பதற்குக் கூச்சப்படாதே. வாய்மொழியாக அவர் எதைச் சொன்னாலும், அன்று மாலையே, "இன்று நாம் பேசியது இவை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வை. அந்த மின்னஞ்சலின் வரைவை முதலில் எனக்கு அனுப்பு. எண்களையும் தேதிகளையும் நான் சரிபார்த்துத் தருகிறேன். உன் அம்மா பிப்ரவரியில் நடக்கும் சொந்த மைதான ஆட்டங்களின் அட்டவணையைக் கேட்கிறாள், அதையும் சேர்த்து அனுப்பினால் விமானச் சீட்டு எடுத்துவிடுவோம்.

அன்புடன்,
அப்பா