52எக்ஸ் சிடி ரைட்டரில் 52எக்ஸ் வேகத்தில் எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய 52எக்ஸ் சிடி ரைட்டரை மறுபடி பயன்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வந்த குறிப்பைப் படித்தேன். நல்ல நிலையில் உள்ள டிரைவைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள் என்று சொன்னது சரிதான். ஆனால் வேகத்தை மேக்ஸிமத்தில் வைத்து எழுதினால் நேரம் மிச்சம் என்று அதில் இருந்த வரி தவறு. அப்படி எழுதிய சிடி, எழுதிய டிரைவில் நன்றாகவே ஓடும். காரில் போட்டால் திக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் போட்டால் கடைசிக் கோப்புகள் திறக்காது. ஸ்கேன் படம், கல்யாண வீடியோ, கோர்ட்டில் கொடுக்க வேண்டிய பதிவு என்று இன்றும் சிடியை நம்பி இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சிடி டிரைவின் வேகத்தை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். 1எக்ஸ் என்பது நொடிக்கு 150 கேபி. அந்தக் கணக்கில் 52எக்ஸ் என்றால் நொடிக்கு 7,800 கேபி. ஆனால் டிரைவ் இந்த வேகத்தைத் தொடுவது வட்டின் வெளி விளிம்பில் மட்டும்தான். சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தூரத்தில் தரவு தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. 52எக்ஸ் டிரைவ் வட்டை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஒரே சீராகச் சுழற்றும். உள்வட்டம் சிறியது என்பதால் அங்கே கிடைக்கும் வேகம் ஏறக்குறைய 22எக்ஸ்தான். ஆக, 700 எம்பி நிரம்பிய சிடியை 16எக்ஸில் எழுத 5 நிமிடம் ஆகும். 52எக்ஸில் சுமார் இரண்டரை நிமிடம். 10 எம்பி, 50 எம்பி மட்டும் எழுதுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அவர் எழுதுவது முழுக்க உள்வட்டத்தில்தான் இருக்கும்.

அந்த இரண்டரை நிமிடத்துக்காக எதை இழக்கிறோம்? எழுதாத சிடியில் பிளாஸ்டிக்குக்கும் வெள்ளிப் பூச்சுக்கும் நடுவே ஒரு சாயப் படலம் இருக்கிறது. 780 நானோமீட்டர் லேசர் அந்தச் சாயத்தைச் சூடாக்கித் தடம் பதிக்கிறது. தடங்களும் இடைவெளிகளும் ஒன்பது அளவுகளில் வரும். தரவு முழுக்க அந்த நீளங்களில்தான் இருக்கிறது. மிகச் சிறிய தடத்தைப் பதிக்க 1எக்ஸில் சுமார் 700 நானோநொடி கிடைக்கும். 52எக்ஸில் 13 நானோநொடிதான். அதற்குள் லேசர் முழுச் சக்திக்கு ஏறி, சாயத்தைச் சுட்டு, இறங்கிவிட வேண்டும். வட்டு கொஞ்சம் தள்ளாடினாலும் தடத்தின் ஓரம் மழுங்கி, நீளம் கூடும் அல்லது குறையும். படிக்கும் டிரைவுக்கு அது பிழை.

சிடியில் இருக்கும் பிழைதிருத்தம் மிகவும் வலுவானது. நொடிக்கு 220 பிழைத் தொகுதி வரை வரலாம் என்று தர வரையறையே இடம் கொடுக்கிறது. அதனால்தான் மோசமாக எழுதிய சிடியும் முதல் நாளில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் திருத்தும் திறனில் பெரும்பகுதியை எழுதும்போதே தின்றுவிட்டால், பிறகு விழும் கீறலுக்கும் தூசிக்கும் சாயம் மங்குவதற்கும் தாங்க ஒன்றும் மிச்சம் இருக்காது. எழுதியதும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு உறையில் போடுகிறவர்களுக்கு இது தெரியாமல் போவதும் இதனால்தான்.

அதற்காக 1எக்ஸ், 2எக்ஸ் என்று இறக்கிவிடுவதும் சரியல்ல. பாட்டு சிடியை மெதுவாக எழுதினால் ஒலி நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை 4எக்ஸ், 8எக்ஸ் டிரைவ்கள் இருந்த காலத்தது. இப்போது கிடைக்கும் 52எக்ஸ் சிடிகளின் சாயம் குறைந்த நேர, அதிகச் சக்தி லேசருக்காகத் தயாரிக்கப்பட்டது. புது டிரைவ்களில் மிகக் குறைந்த வேகத்துக்கான எழுது முறையே இருக்காது. மென்பொருளில் 4 என்று தேர்ந்தெடுத்தாலும் டிரைவ் தனக்குத் தெரிந்த குறைந்தபட்ச வேகத்துக்குப் போய்விடும். தரவு சிடிக்கு 16 முதல் 24எக்ஸ், காரிலும் பழைய பிளேயரிலும் போடும் பாட்டு சிடிக்கு 16எக்ஸ் என்று வைத்துக்கொண்டால் போதும். 16எக்ஸில் பெரும்பாலான டிரைவ்கள் உள்வட்டம் முதல் வெளிவட்டம் வரை ஒரே வேகத்தில் எழுதும். லேசர் சக்தியை நடுவில் அதிகம் மாற்ற வேண்டியதில்லை.

டிரைவைவிட வட்டின் தரம் முக்கியம். ஒவ்வொரு வெற்று சிடியின் உள்வட்டத்திலும் தயாரிப்பாளரின் குறியீடு முன்பே பொறிக்கப்பட்டிருக்கும். சிடி எழுதும் இம்ஜ்பர்ன் மென்பொருளில் சிடியைப் போட்டதும் வலது பக்கத்தில் அதைப் பார்க்கலாம். மேலே அச்சடித்த பெயர் வேறு, தயாரித்த ஆலை வேறாக இருப்பது சகஜம். ஜப்பானின் தாயோ யூடென் 2015-ஆம் ஆண்டோடு இந்தத் தொழிலை விட்டுவிட்டது. நம் ஊர்க் கடைகளில் எல்லாம் கிடைத்த மோசர் பேர் நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பெயர்களில் இப்போது புதுச் சரக்கு என்று யாராவது விற்றால், பழைய இருப்பா, பெயர் மட்டுமா என்று விசாரித்து வாங்க வேண்டும். 50 வட்டு கொண்ட கட்டு வாங்கும்போது முதலில் ஒன்றை நிரப்பி எழுதிச் சோதித்த பிறகு மற்றதைத் தொடுவது நல்லது.

எழுதத் தொடங்கும் முன் டிரைவ் உள்வட்டத்தில் ஒரு சிறு பகுதியில் லேசர் சக்தியைச் சோதித்துப் பார்க்கும். சிடி எழுதும் நீரோ மென்பொருளில் 'பவர் காலிப்ரேஷன் எரர்' என்று வந்தால் இந்தச் சோதனை தோற்றது என்று பொருள். சிடி மோசமாக இருக்கலாம், லென்ஸில் தூசி படிந்திருக்கலாம், லேசர் வலுவிழந்திருக்கலாம், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி சரியான மின்னழுத்தம் தராமல் இருக்கலாம். வேறு நிறுவனத்தின் சிடியைப் போட்டு 16எக்ஸில் எழுதிப் பாருங்கள். எழுதிவிட்டால் டிரைவில் குறையில்லை.

எழுதும் நடுவில் தரவு வந்து சேராமல் சிடி கெட்டுப்போவது ஒரு காலத்தில் பெரிய தலைவலி. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சான்யோ நிறுவனத்தின் பர்ன்-புரூஃப் என்ற பாதுகாப்பு வசதி வந்தது. ரிக்கோவும் யமஹாவும் தங்கள் பெயரில் இதே வசதியைக் கொண்டுவந்தன. இவை லேசரை நிறுத்தி, தரவு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் எழுத வேண்டிய தரவை டிரைவ் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் 2 எம்பி பஃபர், 52எக்ஸில் கால் நொடியில் காலியாகிவிடும். பழைய கம்ப்யூட்டரில் இந்த நிறுத்தமும் தொடர்ச்சியும் திரும்பத் திரும்ப நடந்து, ஒட்டுப்போட்ட இடங்கள் கூடும். பாட்டு சிடியில் அந்த இடத்தில் 'டிக்' என்று கேட்கவும் வாய்ப்புண்டு. நடுவில் கரண்ட் போனால் எந்தப் பாதுகாப்பும் உதவாது, சிடி போனதுதான். யூபிஎஸ் இல்லாமல் எழுதாதீர்கள்.

பட்டையான கேபிளில் இணைக்கும் பழைய ஐடிஇ டிரைவாக இருந்தால் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கும் ரைட்டரும் ஒரே கேபிளில் இருந்தால் ஒன்று மற்றதற்குக் காத்திருக்கும். இரண்டையும் தனித்தனிக் கேபிளில் போட்டு, டிரைவின் பின்பக்கத்தில் உள்ள ஜம்பர் என்ற சிறு செருகியை மாஸ்டரில் வையுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி, ஐடிஇ டிரைவில் சில பிழைகள் தொடர்ந்து கண்டால் தரவை வேகமாகக் கடத்தும் டிஎம்ஏ முறையைக் கைவிட்டு மெதுவான பிஐஓ முறைக்குத் தானாக இறங்கிவிடும். பிறகு எழுதும்போது கம்ப்யூட்டரே திணறும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி தொடங்கினால் டிஎம்ஏ திரும்பும். கேபினெட்டில் டிரைவை இரண்டு திருகில் தொங்கவிடாமல் நான்கையும் முடுக்க வேண்டும், பத்தாயிரம் சுற்றில் சிறு ஆட்டமும் பெரிதாகும். யூஎஸ்பி ஸ்லிம் ரைட்டர் வைத்திருப்பவர்கள் கேபினெட்டின் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். எழுதத் தொடங்கியதும் டிரைவ் விட்டுப்போனால் அநேகமாக மின்சாரம் போதவில்லை. இரண்டு யூஎஸ்பி துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத் தலைக் கேபிள் சரிசெய்யும்.

விண்டோஸிலேயே எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிடியைப் போட்டதும் பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி டிவிடி பிளேயரில் போடவா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் எழுதியது பல பிளேயர்களிலும் பழைய கம்ப்யூட்டர்களிலும் திறக்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுதினால் முதல் முறைக்குச் சுமார் 22 எம்பி, அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் சுமார் 13 எம்பி வீணாகும். கொடுக்க வேண்டிய சிடி என்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முறையில் எழுதி, ஃபைனலைஸ் செய்து, அதாவது இனி எதையும் சேர்க்க முடியாதபடி மூடி, முடியுங்கள். பாட்டு சிடிக்கு, முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையே சரி.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிடியில் கோப்புப் பெயர்களைப் பதியும் ஜோலியட் முறை யூனிகோடு பெயரை ஏற்கும். 64 எழுத்து எல்லை. 'கோ' என்பதையும் கம்ப்யூட்டர் இரண்டாகத்தான் எண்ணும், ஆதலால் பெயர் குட்டையாக இருக்கட்டும். கார் பிளேயர் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டும் என்பதால் பாட்டுக் கோப்புகளுக்கு 01, 02 என்று எண் போடுங்கள். யூனிகோடுக்கு முந்திய டேம், டேப் எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்களாக இருந்தால் எழுத்துருக் கோப்பையும் அதே சிடியில் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் அந்த ஆவணம் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

எழுதியதை மூலக் கோப்போடு ஒப்பிடும் 'வெரிஃபை' சோதனை எழுதியதும் கட்டாயம் ஓட வேண்டும். அதோடு நிற்காமல் வேறொரு டிரைவில் போட்டு, கடைசியாக எழுதப்பட்ட பெரிய கோப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்துப் பாருங்கள். கோர்ட்டுக்குக் கொடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி கொடுக்கும் சான்றிதழில் மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டை, குறிக்க வேண்டும். சிடியில் ஒரு பைட் தவறாகப் பதிந்தாலும் அந்த மதிப்பு பொருந்தாது. எழுதிய சிடியிலிருந்து கோப்பைப் படித்து ஹாஷ் எடுத்து, மூலக் கோப்பின் ஹாஷோடு ஒப்பிட்ட பிறகே உறையை ஒட்டுங்கள்.

பளபளக்கும் அடிப்பக்கத்தை எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஆபத்து மேல்பக்கத்தில்தான். அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கவசம் இருக்கிறது. மேலே சாயத்தையும் வெள்ளியையும் காப்பது மெல்லிய ஒரு பூச்சு மட்டும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தரவின் மேலேயே கோடு விழும். சிடிக்கென்று விற்கும் மென்முனை மார்க்கரால் எழுதுங்கள். நடுவில் உள்ள ஒளிபுகும் வளையத்தில் எழுதினால் இன்னும் நல்லது. காகித லேபிள் ஒட்டாதீர்கள். அது ஓரமாக ஒட்டிக்கொண்டால் வட்டு அதிரும். நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்த சிடியை 52எக்ஸ் டிரைவில் போடவே கூடாது, டிரைவுக்குள்ளேயே சுக்குநூறாகும்.

ஏற்கெனவே 48, 52எக்ஸில் எழுதிய பழைய சிடிகள் வீட்டில் இருந்தால் இப்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மென்மையான பருத்தித் துணியால், சோப்புத் துளி கலந்த தண்ணீரில், மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவு பதிந்த சுருள் பாதையோடு சேர்ந்து ஓடும், பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது. தின்னர் வேண்டாம். சாதாரண நகலில் திணறினால், தரவை மீட்கும் மென்பொருளான ஐசோபஸ்டரோ, லினக்ஸில் டிடிரெஸ்கியூவோ கொண்டு, படிக்கும் வேகத்தைக் குறைத்து எடுக்கலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொரு டிரைவ் படிப்பதுண்டு. குறிப்பாக டிவிடி ரைட்டர்களில் முயன்று பாருங்கள். வேகம் உச்சத்துக்குப் போனது வெளி விளிம்பில் என்பதால் பிழைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். பல முறை சேர்த்து எழுதிய சிடி என்றால் கடைசியாகச் சேர்த்தவைதான் அந்த விளிம்பில் இருக்கும். அவற்றை முதலில் எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
ஈரோடு.