குழந்தையை யார் ஜெயிச்சாங்கன்னு எழுதாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

டைவர்ஸ் பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தில "குழந்தையை வென்ற தாய்"னு தலைப்பு போட்டிருந்தீங்க, படிச்சதுலேருந்து மனசே சரியில்ல. நான் வக்கீல் கிடையாது, ஆனா ஒரு வக்கீல் ஆபீஸ்ல பல வருஷம் ஃபேமிலி கேஸ் பெட்டிஷன் டைப் பண்ணினவ. அந்த "வென்ற"ங்கிற வார்த்தை எங்கேருந்து வருதுன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

தப்பு யாரு மேலன்னு நிரூபிச்சாதான் டைவர்ஸ்னு சட்டம் இருந்தா, வக்கீலோட முதல் வேலையே குத்தம் சேர்க்கறதுதான். "அவரு என்கிட்ட சரியா பேசறதே இல்ல சார்"னு அந்தம்மா சொல்லும், பெட்டிஷன்ல அது மனரீதியான கொடுமைன்னு ஆயிடும், பக்கம் பக்கமா நான்தான் அடிச்சிருக்கேன். அது கைக்குப் போன மறுநாளே அந்தப் பக்கம் இன்னும் காட்டமா ஒரு பதில் மனு ரெடியாகும். அதுவரைக்கும் போன்லயாவது பேசிக்கிட்டிருந்தவங்க அதுக்கப்புறம் கோர்ட் வராண்டால முகத்தக்கூட பாத்துக்க மாட்டாங்க. வக்கீல் கெட்டவர்னு சொல்ல வரல, சட்டம் அதைத்தான் கேட்டுச்சு.

இங்கிலாந்துல 2018ல ஒரு மனைவியோட கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. வாழவே முடியலன்னு அந்தம்மா சொல்றாங்க, கணவர் ஒத்துக்கல, சொன்ன காரணம் பத்தாதுன்னு கீழ்க்கோர்ட் சொன்னதையே சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு, பிரிஞ்சு அஞ்சு வருஷம் ஆகட்டும்னு காத்திருக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம்தான் 2020ல புதுச் சட்டம் போட்டாங்க, 2022 ஏப்ரல் 6லேருந்து அமல். இப்போ கல்யாணம் முறிஞ்சிடுச்சுன்னு ஒரு வாக்குமூலம் போதும், ரெண்டு பேரும் சேர்ந்தே அப்ளை பண்ணலாம், குறைஞ்சது 20 வாரம் கழிச்சு முதல் ஆர்டர், அதுக்கப்புறம் 6 வாரம் கழிச்சு ஃபைனல் ஆர்டர். எனக்கு டைவர்ஸ் வேணாம்னு சும்மா எதிர்த்து நிக்க முடியாது. ஆனா ஃபைனல் ஆர்டர் வந்துட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நெறைய பேர் நினைச்சுக்கறாங்க, அது தப்பு. வீடு, பணம், பென்ஷன் எல்லாத்துக்கும் தனியா கோர்ட் ஆர்டர் வாங்கணும், வாங்காம விட்டா வருஷம் கழிச்சுக்கூட அந்தப் பக்கத்துலேருந்து கேட்டு வரலாம். குத்தம் எழுதற வேலை போனதுல மிச்சமாகற நேரத்த வக்கீல் இதுக்குத்தான் செலவழிக்கணும்.

கனடால 2021 மார்ச் 1லேருந்து டைவர்ஸ் சட்டத்துல கஸ்டடிங்கிற (குழந்தை யார் பொறுப்புலங்கிற) வார்த்தையவே எடுத்துட்டாங்க. குழந்தை யார்கூட எப்போ இருக்கும், படிப்பு வைத்தியம் இதுக்கெல்லாம் யாரு முடிவு பண்ணுவாங்கன்னு தனித்தனியா எழுதறாங்க, அதனால ஜெயிச்சவர் தோத்தவர்ங்கிற பேச்சுக்கே இடமில்ல. கோர்ட்டுக்கு வெளிய பேசித் தீர்க்கப் பாருங்கன்னு கிளையன்ட்ட தூண்டறது வக்கீலோட கடமைன்னே அந்தச் சட்டத்துல இருக்கு, அது பொருந்தாத கேஸ் தவிர.

அந்த "தவிர"தான் எனக்கு ரொம்ப முக்கியம். அடிச்ச தழும்பு ஒண்ணுகூட இல்லாத ஒரு அம்மாவோட பெட்டிஷன் நான் அடிச்சிருக்கேன், சம்பளம் முழுக்க புருஷன் கையில, பஸ்ஸுக்குக்கூட கேட்டு வாங்கணும், எங்க போனாலும் போன் பண்ணிக்கிட்டே இருப்பான். இத எந்தத் தலைப்புல எழுதறதுன்னு எங்க ஆபீஸ்ல அப்போ யாருக்கும் தெரியல. கனடா சட்டத்துல இப்போ பணத்த வச்சுப் படுத்தறதும், ஆளக் கட்டுப்பாட்டுலயே வச்சிருக்கறதும் குடும்ப வன்முறைன்னு பேர் சொல்லியே இருக்கு, குழந்தை அதப் பாத்துக்கிட்டிருந்தாலும் கணக்குல வரும். ஆஸ்திரேலியால 2025 ஜூன் 10லேருந்து சொத்து பிரிக்கும்போதே அந்தக் கொடுமையால அவங்களுக்கு என்ன நஷ்டம்னு பாக்கணும். இதெல்லாம் முதல் நாளே கேட்டுத் தெரிஞ்சுக்காம, உக்காந்து பேசுங்கன்னு அவங்களக் கொண்டுபோய் அவன் எதிர்ல உக்கார வைக்கறது பெரிய பாவம்.

நம்ம இந்தியால இந்து திருமணச் சட்டத்துல 1976லேயே பரஸ்பர சம்மதம், அதாவது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வாங்கற டைவர்ஸ், வந்துடுச்சு, அதுக்கு மனு போட்டப்புறம் இருக்கற ஆறு மாச காத்திருப்பையும் தேவைப்பட்டா தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா ஒருத்தர் சம்மதிக்கலன்னா பெரும்பாலும் பழைய கததான், குத்தம் எழுதணும் வாய்தாவுக்கு அலையணும். கல்யாணம் மீள முடியாம முறிஞ்சுபோனதையே ஒரு காரணமா ஏத்துக்கற மசோதா 2013ல ராஜ்யசபால பாஸாச்சு, சட்டமா வரவே இல்ல. அதப் பத்தி நீங்க எழுதுங்களேன், உங்க பேப்பருக்கு அந்த வீச்சு இருக்கு.

அதோட இன்னொண்ணும் கேட்டுக்கறேன். அடுத்த தடவை இப்படி செய்தி வந்தா அந்தப் புள்ள எந்தெந்த நாள் அம்மாகிட்ட, எந்தெந்த நாள் அப்பாகிட்ட இருக்கணும்னு கோர்ட் சொல்லிருக்குன்னு போடுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி