படிவம் நிரப்பிக் கொடுத்த உங்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

சமூக உளவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துவருகிறேன். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று நாம் எல்லோருமே ஓரளவு மனத்தில் வைத்திருக்கும் பாலின ஸ்டீரியோடைப்புகள், ஒருவரின் திறமையை எடைபோடும் நேரத்தில் எவ்வளவு தூரம் குறுக்கே வருகின்றன என்பதுதான் என் கேள்வி. தரவு சேகரிக்கும் வேலை முடிந்துவிட்டது. ஆய்வேடு முடிய இன்னும் காலம் பிடிக்கும்.

நன்றியை ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் எழுதுவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பக்கங்களை நெறியாளரும் தேர்வாளர்களும் படிப்பார்கள். எனக்கு அதிகம் உதவியவர்கள் கைக்கு அது போகவே போகாது. அவர்கள் யார் என்று எனக்கும் தெரியாது. படிவத்தில் பெயரோ தொலைபேசி எண்ணோ கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் சிலர் கண்ணிலாவது இது பட வேண்டும் என்று ஆசை.

நீங்கள் படித்தது ஒரு குழுவை வழிநடத்தும் பதவிக்கான விண்ணப்பம். இவருக்குத் திறமை எவ்வளவு, இவரோடு சேர்ந்து வேலை செய்யப் பிடிக்குமா, வேலை தரலாமா என்று மதிப்பெண் போட்டீர்கள். உங்களில் பாதிப் பேர் பார்த்த விண்ணப்பத்தில் ஒரு பெண்ணின் பெயர், மீதிப் பேர் பார்த்ததில் ஓர் ஆணின் பெயர். மற்றபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் கணினி முடிவு செய்தது. முன்பே சொல்லியிருந்தால் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பதில் எழுதியிருப்பீர்கள். ஆகவே உண்மையான நோக்கத்தைக் கடைசியில்தான் சொன்னேன். கோபப்பட உங்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. பெரும்பாலானவர்கள் அதற்குப் பதிலாக உட்கார்ந்து கேள்வி கேட்டீர்கள்.

அதில் ஒரு அம்மாவின் கேள்வியை மறக்கவே முடியாது. "நான் அந்தப் பொண்ணுக்குக் கம்மியாத்தான் போட்டேன். அப்போ நான் பொம்பளைங்களை மட்டமா நினைக்கிறவளா?" என்று கேட்டார். குரலில் உண்மையான வருத்தம். இல்லை அம்மா, அப்படிச் சொல்லவே முடியாது என்றேன். அவர் பார்த்தது ஒரே ஒரு படிவம். அதில் ஆண் பெயர் இருந்திருந்தால் எவ்வளவு போட்டிருப்பார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாராக இருந்தாலும் கறாராக மதிப்பெண் போடுகிறவராக இருக்கலாம். இந்த மாதிரி ஆய்வு காட்டக்கூடியது இரண்டு குழுக்களின் சராசரிக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். தனியொருவரைப் பிடித்து நீ இப்படிப்பட்டவள் என்று சொல்ல அதற்குத் தகுதி கிடையாது. அவர் கேட்ட பிறகு, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு இந்த விளக்கத்தை எல்லோருக்கும் தரும் தாளிலேயே சேர்த்தோம். அம்மா, உங்களுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டுத்தான் போனார்கள். மிக்க நன்றி.

என் நெறியாளருக்கு எப்படி நன்றி சொல்வது? இந்த ஆய்வு முறைக்கு முன்னோடி, 1968-ல் உளவியலாளர் ஃபிலிப் கோல்ட்பெர்க் செய்த ஆய்வு. ஒரே கட்டுரையில் ஆசிரியர் பெயரை மட்டும் ஜான் (ஆண் பெயர்) என்றும் ஜோன் (பெண் பெயர்) என்றும் மாற்றிக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்தார். ஆண் பெயர் போட்டவற்றுக்கே அவர்கள் பொதுவாகக் கூடுதல் மதிப்பளித்தார்கள். படித்துவிட்டு நான் கொதித்துப் போயிருந்தபோது, நெறியாளர் இன்னொரு கட்டுரையைக் கையில் கொடுத்தார். கோல்ட்பெர்க்குக்குப் பிறகு அதே வழியில் நடந்த ஆய்வுகளை ஜேனட் ஸ்விம்மும் அவருடைய சகாக்களும் 1989-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு அது. சராசரி வித்தியாசம் மிகச் சிறியது என்று அதில் இருந்தது. "இரண்டையும் படிச்சாச்சு இல்லையா, இப்போ உன் கேள்வி என்னன்னு சொல்லு" என்றார் மேடம்.

பதில் தேடிப் பல மாதம் போனது. எல்லா இடத்திலும் ஒரே அளவு பாரபட்சம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே சரியில்லை என்பது மெல்லப் புரிந்தது. ஒரு பதவிக்கு வேண்டும் என்று நாம் நினைக்கும் குணமும் பெண்ணிடம் நாம் எதிர்பார்க்கும் குணமும் மோதும் இடத்தில்தான் அது தலைதூக்கும் என்று உளவியலாளர்கள் ஆலிஸ் ஈக்லியும் ஸ்டீவன் கராவும் 2002-ல் எழுதினார்கள். தலைமைப் பதவி அப்படிப்பட்ட இடம். அமெரிக்காவில் 1946 முதல் 2018 வரை நடந்த கருத்துக்கணிப்புகளை ஈக்லி குழுவினர் 2020-ல் தொகுத்தபோது, ஆணும் பெண்ணும் திறமையில் சமம் என்ற எண்ணம் வளர்ந்திருந்தது. துணிச்சல், முன்னேறும் வேட்கை போன்றவற்றில் ஆணுக்குக் கொடுத்த இடம் மட்டும் அசையவில்லை. என் படிவத்தில் திறமையோடு நிறுத்தாமல் மற்றக் கேள்விகளும் இருந்தது இதனால்தான். மேடம், அன்று நீங்கள் என் கொதிப்பை மட்டும் ஊதிவிட்டிருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.

புள்ளியியல் துறைத் தோழி ஒருத்தி. சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் ஆண் பெயர், பெண் பெயர் என்ற இரண்டு குழுக்களில் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 400 பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவள் அவள்தான். எதை எப்படி அலசப்போகிறேன் என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்ய வைத்தாள். அப்படிச் செய்துவிட்டால், பிறகு எனக்குப் பிடித்த முடிவாகப் பார்த்துப் பொறுக்க முடியாது. கைகொடுத்தவளும் அவள், கையைக் கட்டிப்போட்டவளும் அவள். இரண்டுக்கும் நன்றிடி.

எழுதிய பதில்களை, எது எந்தப் பெயருக்கானது என்று தெரியாமலேயே வகைப்படுத்திக் கொடுத்த இரண்டு இளநிலை மாணவர்கள், கேட்ட கட்டுரையை எங்கிருந்தாவது வரவழைத்த நூலகர், எல்லோருக்கும் நன்றி.

கருத்தரங்கில் எழுந்து "நிஜத்திலும் ஆணும் பெண்ணும் வேறு வேறுதானே?" என்று கேட்ட ஐயாவுக்கும் நன்றி. அன்று நேரம் போதவில்லை. உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-ல் 46 தொகுப்பாய்வுகளைப் பார்த்தபோது, உளவியல் வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை அல்லது பூஜ்யத்தை ஒட்டியவை. சில பெரியவையும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே தகுதி, ஒரே அனுபவம் எழுதிய தாளில் பெயரை மாற்றினால் மதிப்பெண் ஏன் மாற வேண்டும்? எனக்கு முக்கியமான கேள்வி இது.

அப்புறம் என் தம்பி. அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து மருந்து, குளியல், இரவுக் கண்விழிப்பு எல்லாம் அவன் பொறுப்பு. பார்க்க வந்தவர்கள் "பெத்த மக மாதிரி பாத்துக்கறானே" என்று மெச்சினார்கள். "மகன் மாதிரிதான் பாத்துக்கறேன்" என்பான் அவன். தம்பி, நான் படித்த எல்லாவற்றையும் நீ வாழ்ந்து காட்டினாய். அப்பாவின் மாத்திரைக்கு அலாரம் வைத்துவிட்டு என்னை எழுதப் போகச் சொன்னவனும் நீதான்.

முடிவு என்ன என்று படிவம் நிரப்பிய பலர் விசாரித்தீர்கள். அலசல் நடந்துகொண்டிருக்கிறது, அரைகுறையாகச் சொல்ல மனமில்லை. வித்தியாசம் வந்தாலும் வராவிட்டாலும் எளிய தமிழில் சுருக்கம் ஒன்று எழுதி, யாரும் படிக்கும்படி வெளியிடுவேன்.

நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவி