பழைய கடித உறைகளில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களும் அலுமாரி ஒழிக்கிறவர்களும் கண்ணில் படும்படி இக்கடிதத்தைப் பிரசுரித்து உதவ வேண்டும்.

முத்திரை சேர்க்கும் பழக்கம் எனக்குப் பன்னிரண்டு வயதில் தொற்றியது. பெரியப்பாவின் கந்தோருக்கு வரும் உறைகள்தான் என் சுரங்கம். 1966இல் வந்த பறவை முத்திரைகளில் மயிலும் காட்டுக்கோழியும் மைனாவும் சேர்ந்துவிட்டன. மாங்குயில் மட்டும் வரவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் எங்கள் வீட்டுக் கூரை போனது. விடிந்து பார்த்தால், கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்த அல்பம் முழுக்க நனைந்து ஒரே கட்டியாக இருந்தது. அவசரத்தில் பிய்த்தேன். காட்டுக்கோழியின் வால் ஒரு தாளில், தலை மறு தாளில். அன்றோடு விட்டுவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற பிறகுதான் மறுபடி தொடங்கினேன். அன்று செய்த பிழை இப்போதுதான் விளங்குகிறது. பிய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டிருந்தால் தானாகவே கழன்று வந்திருக்கும். ஆனால் எல்லாவற்றையும் தண்ணீரில் போடவும் கூடாது. விக்டோரியா காலத்து ஊதா, பச்சை முத்திரைகள் சிலவற்றின் மை ஈரம் பட்டாலே கரைந்துவிடும். தபால் அடையாளத்தைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டி ஏமாற்றாமல் இருக்கவென்றே அப்படி அச்சடித்தார்கள்.

போன மாதம் ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்காரர், அவரது அம்மப்பா வைத்திருந்த பிஸ்கட் டின் ஒன்றைக் காட்டினார். உள்ளே ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து முத்திரைகள்: இறப்பர் பால் வெட்டும் படம் போட்ட இரண்டு சதம், திருகோணமலைத் துறைமுகம் போட்ட ஒரு ரூபா. எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அத்தனையும் உறையிலிருந்து கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டப்பட்டவை. ஓரத்துப் பற்கள் பாதி இல்லை, தபால் அடையாளத்தில் ஊர்ப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துத்தான் மிச்சம். உறைகள் எங்கே என்று கேட்டேன். எரித்துவிட்டார்களாம்.

அந்த உறைகளைத்தான் நான் நினைத்து நினைத்து வருந்துகிறேன். இரண்டு சதம் முத்திரை எங்கும் கிடைக்கும். அது எந்த ஊர்த் தபாற்கந்தோரில் எந்தத் திகதியில் குத்தப்பட்டது என்பது அந்த உறையில் மட்டும்தான் இருக்கும். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பிரித்துப் பார்த்துத் தணிக்கைச் சீட்டு ஒட்டிய உறை, 1972 மே மாதத்தில் சிலோன் ஸ்ரீ லங்காவான நாட்களில் போட்ட கடிதம், இவையெல்லாம் நம் வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடியவை. கிடைத்தால் முழுசாக வையுங்கள். கட்டாயம் வெட்டத்தான் வேண்டுமென்றால் சுற்றிவர ஒரு விரலகலம் விட்டு வெட்டுங்கள்.

இன்னொன்று. சிறுவயதில் பள்ளிக்கூட விறாந்தையில் இரட்டையாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கினோம். இப்போது என்னிடம் இரட்டைகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன, மாற்றத்தான் ஆளில்லை. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவருக்குப் பதிவுத் தபாலில் பத்து அனுப்பினேன். பதிலுக்கு வந்தவை கலர்ப் பிரதிகள். லென்ஸ் வைத்துப் பார்த்ததும் அச்சுப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிட்டன. நேரில் மேசை போட்டு, சாவணத்தால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாற்றினால் இந்தத் தொல்லை இராது. முத்திரைகளின் விலை போட்ட ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியல் ஒன்று நடுவில் இருந்தால் விலைச் சண்டையும் வராது.

ஆகவே நகரிலோ கல்லடியிலோ உள்ள வாசிகசாலை ஒன்று மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு மேசையும் நாலு கதிரையும் தந்தால் போதும். பட்டியலையும் லென்ஸையும் நான் கொண்டுவருவேன். பிள்ளைகள் வெறுங்கையோடு வரலாம், முதல் இருபது முத்திரையை நான் கொடுப்பேன்.

மாங்குயில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. யாரிடமாவது இரண்டு இருந்தால், பற்கள் முழுசாக உள்ள திருகோணமலைத் துறைமுகம் ஒன்று என்னிடம் மாற்றுவதற்கு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவைத் திணைக்கள ஊழியர்,
கல்லடி, மட்டக்களப்பு.