பொது காக்பிட் கட்டின வருஷம்: செயலாளரோட ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும் நேர்ல வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராம குரூப்ல மட்டும் படிச்சுட்டு கட்டைவிரல் போடப்போறவங்களுக்கும் வணக்கம். கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற நம்ம ஃப்ளைட் சிமுலேட்டர் சங்கத்தோட போன வருஷ அறிக்கை ரெண்டு பக்கத்துல முடிஞ்சுது. இந்த வருஷம் கொஞ்சம் நீளும், ஏன்னு போகப்போக தெரியும்.

மாசக் கூட்டம் 12 நடக்கணும், 9 நடந்துச்சு. சேர்ந்து பறக்கிற ராத்திரி வாரா வாரம் நடந்துச்சு, சர்வர் ரெண்டு தடவை படுத்துச்சு. நிர்வாகக்குழு தேர்தல்ல யாரும் எதிர்த்து நிக்கலை (நின்னிருந்தா சந்தோஷமா விட்டுக்கொடுத்திருப்பேன், அது பதிவாகட்டும்). புதுசா 5 பேர் சேர்ந்தாங்க.

அந்த 5 பேருக்காக ஒரு நாள் வகுப்பு வெச்சோம். டிசிஎஸ்ங்கிற போர்விமான சிமுலேட்டர்ல காசு கொடுக்காம கிடைக்கிற எஸ்யூ 25டி விமானத்தை வெச்சுதான் சொல்லிக்கொடுத்தோம், எடுத்த எடுப்புல மாட்யூல் (தனியா விக்கிற விமானம்) வாங்கிட்டு புலம்புறதுக்கு அது எவ்வளவோ தேவலை. அன்னிக்கு பாதி நேரம் ஒரே பிரச்சனையில போச்சு. ஒரு தம்பி புது பெடல் (காலால ரடரையும் பிரேக்கையும் இயக்குறது) வாங்கியிருந்தாரு, ரன்வேல பிரேக்கை அமுத்தினா விமானம் நிக்கிறதுக்கு பதிலா திரையில இருக்கிற ஸ்டிக் (விமானத்தை சாய்க்கிற கைப்பிடி) தானா ஒரு பக்கம் சாயுது, பெடல் ரிப்பேர்னு திருப்பி அனுப்ப பெட்டியே கட்டிட்டாரு. பெடல்ல ஒரு குறையும் இல்ல. எந்த டிவைஸை புதுசா சொருகினாலும் அதோட எக்ஸ் அச்சு ரோல் (பக்கவாட்டுல சாயுறது), ஒய் அச்சு பிட்ச் (மூக்கு ஏறி இறங்குறது)னு டிசிஎஸ் தானா போட்டுக்கும், அவர் பெடல்ல அந்த எக்ஸும் ஒய்யும்தான் ரெண்டு கால் பிரேக். கண்ட்ரோல் செட்டிங்ல ஆக்ஸிஸ் பட்டியலை திறந்து, ஸ்டிக்கோட நெடுவரிசையை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல இருந்த ரோல், பிட்ச் எல்லாத்தையும் அழிச்சோம், சரியாப்போச்சு. இதை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியா செய்யணும்ங்கிறதுதான் கொடுமை. வலது கண்ட்ரோலையும் எண்டரையும் சேர்த்து அமுத்தினா திரையில ஒரு சின்ன கட்டம் வரும், ஸ்டிக்கும் ரடரும் த்ராட்டிலும் (இன்ஜின் வேகத்தை கூட்டிக் குறைக்கிற நெம்பு) இப்ப எங்க நிக்குதுன்னு காட்டும். அதை பாத்துட்டு அப்புறம் விக்கிறவனை திட்டுங்கன்னு சொல்லி வகுப்பை முடிச்சோம்.

சரி, பொது காக்பிட். இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு குரூப்ல மூணு பேர் கேட்டாங்க, மூணு பேருக்கும் சேர்த்து இங்கயே பதில் சொல்லிடறேன்.

நம்மள்ல முக்கால்வாசி பேர் செட்டப் எப்படி இருக்கு? கீபோர்டு இருக்கிற மேஜை மேலயே ஸ்டிக், பக்கத்துல த்ராட்டில். முழங்கை அந்தரத்துல தொங்கும், தோள் தூக்கியே இருக்கும், 20 நிமிஷம் டாக்ஃபைட் (விமானத்தோட விமானம் சண்டை) பண்ணினா பிடரி வலிக்கும். வார்த்ஹாக் மாதிரி கனமான ஸ்பிரிங் இருக்கிற ஸ்டிக்கை இறுக்கி இழுத்தா அடிப்பலகையோட மேல வரும். அப்புறம் நமக்கு சுட வரலை, வானத்துலயே எரிபொருள் நிரப்ப டேங்கர் விமானத்துக்கு பின்னாடி நிக்க முடியலை, இன்னும் ஒஸ்தி ஸ்டிக் வாங்கினா சரியாகும்னு அடுத்ததை வாங்க போவோம். நான் ரெண்டு தடவை அப்படி வாங்கினவன், அதனால உரிமையோட சொல்றேன். ஸ்டிக் எவ்வளவு ஒஸ்திங்கிறதை விட அது எங்க, எந்த உயரத்துல, எவ்வளவு ஆடாம நிக்குதுங்கிறதுதான் பெருசு. அதை எல்லாரும் உக்காந்து பாத்து தெரிஞ்சுக்கணும்னுதான் 40 மில்லி அலுமினியம் புரொஃபைல்ல ஒரு ரிக், அதாவது ஸ்டிக்கும் பெடலும் மாட்டுற சட்டம், இந்த பொது காக்பிட்டை கட்டுவோம்னு நான் தீர்மானம் கொண்டுவந்தேன். கை தூக்கினவங்க 11 பேர். போல்ட் முடுக்க வந்தவங்க 2 பேர், அதுல ஒருத்தன் நான்.

ஸ்டிக்கை நடுவுல வைக்கிறதா பக்கத்துல வைக்கிறதான்னு மூணு கூட்டம் போச்சு. எஃப் 16 பிரியர்கள் பக்கத்துலதான்னு ஒத்தைக்கால்ல நின்னாங்க. நிஜ எஃப் 16ல ஸ்டிக் வலது பக்கம்தான், ஆரம்பத்துல அது அசையவே அசையாது, கை எவ்வளவு அழுத்துதுன்னு மட்டும் அளக்கும், பைலட்டுகளுக்கு பிடிபடாததால அப்புறம் கொஞ்சூண்டு அசையுற மாதிரி மாத்தினாங்க. ஆனா ஹார்னெட், மிக் 21, ஸ்பிட்ஃபயர் எல்லாம் காலுக்கு நடுவுலதானே. கடைசியில ரெண்டு இடத்துலயும் தட்டு போட்டு, நாலு போல்ட் கழட்டினா மாறுற மாதிரி பண்ணினேன். இதுக்கு யாரும் நன்றி சொல்லலை, பரவாயில்ல.

நடு ஸ்டிக்குக்கு 10 செ.மீ எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கு. ஸ்டிக் நீளமானா அதே சாய்வுக்கு கை அதிக தூரம் போகணும், அதனால கை லேசா நடுங்கினாலும் விமானத்துக்கு அது பெருசா தெரியாது. மேஜை ஸ்டிக்ல கர்வ் 20 வெச்சு ஓட்டினவங்க இதுல கர்வே இல்லாம டேங்கர் பின்னாடி நின்னாங்க. கர்வ்னா நடுவுல மந்தமாக்கி ஓரத்துல வேகமாக்குறது, அதாவது நடுவுல சம்பாதிச்சதை ஓரத்துல கட்டிடணும், எக்ஸ்டென்ஷன்ல அந்தக் கடன் இல்ல. ஒண்ணே ஒண்ணு, நெம்புகோல் நீளமானதால ஸ்பிரிங் தொளதொளன்னு தோணும், மேல கிரிப் கனமா இருந்தா ஸ்டிக் நடுவுக்கே திரும்பாது. முதல் ரெண்டு வாரம் அப்படித்தான் தலையை தொங்கப்போட்டு நின்னுச்சு, கெட்டி ஸ்பிரிங் மாத்தினப்புறம்தான் சரியாச்சு. அந்த ரெண்டு வாரத்துல எடுத்த ஃபோட்டோவைத்தான் சிலர் இன்னும் குரூப்ல போட்டு சிரிக்கிறாங்க.

நாற்காலியை பத்தி நான் யோசிக்கவே இல்ல, ஒத்துக்கறேன். சக்கரம் வெச்ச நாற்காலியில உக்காந்து ரடரை மிதிச்சா பெடல் போகாது, நாம பின்னாடி போவோம். ஒரு உறுப்பினர் பேஸ்கெட்டுக்கு (டேங்கர் நீட்டுற எரிபொருள் குழாயோட கூடை மாதிரி முனை) ஒரு அடி தூரத்துல நிக்கிறப்ப மிதிச்சாரு, விமானம் அங்கயே இருக்கு, ஆள் செவுத்துல இருக்காரு. கட்டை முட்டுக்கொடுத்தோம், கயிறு கட்டினோம், கடைசியில சக்கரத்தையே கழட்டி நாற்காலியை ஃப்ரேம்லயே மாட்டிட்டேன். இப்ப மானிட்டரை தவிர எதுவும் நகராது.

அடுத்தது யூஎஸ்பி. ஸ்டிக், த்ராட்டில், பெடல், ரெண்டு எம்எஃப்டி ஃப்ரேம் (காக்பிட் திரையை சுத்தி பட்டன் இருக்கிற சட்டம்), கேமரா, பட்டன் பாக்ஸ் எல்லாத்தையும் ஒரே சாதா ஹப்ல சொருகினா பறக்கிற நடுவுல டொய்ங்னு ஒரு சத்தம், த்ராட்டில் செத்துப்போகும். தனியா கரண்ட் எடுக்கிற ஹப் போட்டு, டிவைஸ் மேனேஜர்ல போய் மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்த டிவைஸை அணைக்கலாம்ங்கிற டிக்கை ஹப் ஹப்பா எடுத்துவிட்டேன், அதுக்கப்புறம் அந்த டொய்ங் வரலை. கேபிள் ஒவ்வொண்ணுலயும் சீட்டு ஒட்டி எந்த போர்ட்னு எழுதியிருக்கேன், தயவுசெஞ்சு மாத்தி சொருகாதீங்க, ஐஎல் 2 மாதிரி கேம் டிவைஸ் வரிசையை நம்பித்தான் பைண்டிங்கை (எந்த பட்டனுக்கு எந்த வேலைங்கிற பதிவை) வெச்சிருக்கு, வரிசை மாறினா பெடல் மிதிச்சா குண்டு விழும். டிசிஎஸ்க்கு சேவ்டு கேம்ஸ் உள்ள கான்ஃபிக், அதுக்குள்ள இன்புட் ஃபோல்டர், அதை பென்டிரைவ்ல எடுத்து வெச்சிருக்கேன். விண்டோஸ் திரும்ப போட்டுட்டு பைண்டிங் எல்லாம் போச்சுன்னு ராத்திரி 1 மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணின நண்பரும் இதை படிச்சா நல்லது.

தலையை திருப்பினா காக்பிட் பார்வையும் திரும்பணும், அதுக்கு ட்ராக்ஐஆர்னு விக்கிற கருவியை வாங்கலை, பழைய பிஎஸ்3 கேமராவை பிரிச்சு உள்ள இருக்கிற ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) தடுப்பு கண்ணாடியை எடுத்துட்டு, முன்னாடி பழைய நெகடிவ் ஃபிலிம் வெச்சு, தொப்பியில மூணு ஐஆர் எல்ஈடி மாட்டி, ஓப்பன்ட்ராக்ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல ஓட்டறோம். அருமையா போகுது, ஜன்னல் திறந்திருந்தா மட்டும் வெயிலையும் ஒரு எல்ஈடின்னு நினைச்சுக்கிட்டு பைலட் தலையை சுத்துது. இந்த வேலையே வேண்டாம்ங்கிறவங்க அதே ஓப்பன்ட்ராக்ல நியூரல்நெட் ட்ராக்கரை போட்டுக்கலாம், சாதா வெப்கேம் போதும், காசு கிடையாது. விஆர் வெச்சிருக்கிறவங்க இதையெல்லாம் பாத்து நக்கலா சிரிச்சாங்க, அவங்கதான் அப்புறம் ஹெட்செட்டை போட்டுக்கிட்டு சுவிட்ச் எங்கன்னு கையால தடவிக்கிட்டு இருந்தாங்க.

பட்டன் பாக்ஸ் விஷயத்துல என் பேர் கெட்டிருக்கு, அதையும் விளக்கிடறேன். ஆர்டுயினோ ஊனோ (சுவிட்சை கம்ப்யூட்டரோட இணைக்க வாங்கின சின்ன சர்க்யூட் போர்டு) வாங்கினது நான்தான், ஆனா பட்டியல்ல வெறும் ஆர்டுயினோன்னு எழுதினது நான் இல்ல. ஊனோல இருக்கிற சிப்புக்கு தானா யூஎஸ்பி பேசத் தெரியாது, விண்டோஸ்ல நேரா ஜாய்ஸ்டிக்கா காட்டாது, ப்ரோ மைக்ரோவோ லியனார்டோவோதான் வேணும், அதுல 32யூ4 சிப் இருக்கு. திரும்ப வாங்கினோம். சுவிட்ச் எல்லாத்தையும் மேட்ரிக்ஸா (குறுக்கும் நெடுக்குமா கம்பி போட்டு) இணைச்சு, ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டையோடு போட்டிருக்கு, டையோடு இல்லாம முதல்ல பண்ணினப்ப மூணு சுவிட்சை சேர்த்து போட்டா போடாத நாலாவது சுவிட்சும் போட்ட மாதிரி காட்டுச்சு, லேண்டிங் கியர் நடு வானத்துல இறங்கிச்சு. கியர் நெம்பு மட்டும் நான் ஆசைப்பட்டு பண்ணினது, முனையில சின்ன விளக்கு எரியும், யார் வந்தாலும் முதல்ல அதைத்தான் தொடறாங்க. அந்த ஊனோ வீணாகலை, காக்பிட்ல நடக்கிறதை வெளிய அனுப்புற டிசிஎஸ் பயாஸ் சாஃப்ட்வேரை போட்டு எச்சரிக்கை விளக்கு எரிய வெச்சுட்டேன், பொருளாளர் குறிச்சுக்கணும்.

இனிமே சொல்லப்போறது சிலருக்கு கசக்கும். சங்கத்துக்குன்னு இருந்த ஒரே பெடலை ரெண்டு வாரத்துக்குன்னு கடன் வாங்கிட்டு போன உறுப்பினர் 8 மாசம் கழிச்சு கொண்டுவந்தாரு. அது பொட்டென்ஷியோமீட்டர் பெடல், உள்ள ஒரு தகடு கரித்தடத்தை உரசிக்கிட்டே போகும், தூசி சேர்ந்தா அச்சு துடிக்கும். வந்தப்ப காலே வைக்காம ரடர் ரெண்டு பக்கமும் ஆடிச்சு, பிரிச்சு பாத்தா ஒரு வீட்டையே பெருக்கி உள்ள கொட்டின மாதிரி இருந்துச்சு. கிளீனர் அடிச்சு, டெட்ஸோன் (லேசா அசைஞ்சாலும் கணக்குல எடுக்காத இடம்) கொஞ்சம் வெச்சு ஓட்டறோம், ஆனா நடுவுல டெட்ஸோன் வெச்ச பெடல்ல, ரடரை நுணுக்கமா திருத்திக்கிட்டே ஓட வேண்டிய முஸ்டாங்கை டேக்ஆஃப் பண்ணி பாருங்க, அப்ப தெரியும் என் வயித்தெரிச்சல்.

சந்தா பாக்கி. இதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியலை. பேர் சொல்ல மாட்டேன், ஆனா இந்த வருஷம் காந்தம் வெச்ச ஹால் சென்சார் த்ராட்டில் வாங்கி, பெட்டி பிரிக்கிறதுல இருந்து மேஜையில மாட்டுற வரைக்கும் 14 ஃபோட்டோ போட்டவங்க ரெண்டு பேரோட சந்தா போன வருஷத்ததே வரலை. கேட்டா அடுத்த மாசம்னு ஒரு ஸ்மைலி. கூட்டத்துக்கு சராசரியா வந்தது 6 பேர், அதுலயும் ரிக்குல உக்காந்து ஓட்டிட்டு தீர்மானம் போடறதுக்கு முன்னாடி கிளம்பினவங்க உண்டு. ஊர் கூடி தேர் இழுக்கணும்பாங்க, இங்க தேரையும் நானே இழுத்து, மேல உக்காந்திருக்கிறவங்களுக்கு காத்தும் நானே விசிறணும்.

வரவு செலவு பத்தி சுருக்கமா. வந்தது சந்தாவும் ரெண்டு பேர் மனசு வந்து கொடுத்ததும். போனதுல பெரும்பகுதி ரிக்குக்கு, அதுலயும் புரொஃபைலை விட போல்ட்டும் டி நட்டும் மூலைத்தகடும்தான் கிட்டத்தட்ட கழுத்தை நெரிச்சுச்சு, கட்டினவங்களுக்கு புரியும். சர்வர் வாடகை கட்டியாச்சு. கையிருப்பு சொல்லிக்கிற மாதிரி இல்ல, கடனும் இல்ல, என் கையில இருந்து போட்டதை கடன்னு சேர்க்கலைன்னா. விவரம் பொருளாளர்கிட்ட இருக்கு, ரசீது சிலது என்கிட்ட இருக்கு, சிலது எங்கயோ இருக்கு.

நன்றி: தலைவருக்கு, பொருளாளருக்கு, சர்வரை ராத்திரியில எழுந்து தட்டி எழுப்பின நண்பருக்கு, துளை போடுற மெஷின் கொடுத்தவருக்கு, சாமான் நிறைஞ்ச அறையை ஒரு வருஷமா பொறுத்துக்கிட்ட என் வீட்டாருக்கு.

அடுத்த வருஷம் ஹெலிகாப்டருக்கு கலெக்டிவ் நெம்பு (அதை மேல ஏத்தி இறக்குறது) ஒண்ணு பண்ணணும்னு 4 பேர் கேட்டிருக்காங்க. வரைபடம் போட்டு வெச்சிருக்கேன், கீல் பக்கத்துல உராய்வு பிடி வெச்சா விட்ட இடத்துலயே நிக்கும், ஸ்பிரிங்கே வேண்டாம், சென்சாரும் ஹால்தான். ஆனா ரிக் இப்ப இருக்கிறது என் அறையில, இனி அங்க இடம் இல்ல, வேற யார் வீட்டுலயாவது ஒரு மூலை கிடைச்சா கலெக்டிவும் சேர்த்து அங்க கட்டலாம், கிடைக்கலைன்னா கழட்டி ஆளுக்கு ஒரு பைப் கொடுத்துடலாம்னு ஒரு யோசனை. செயலாளர் பொறுப்புக்கும் இளைஞர்கள் வந்தா நான் தடையா இருக்க மாட்டேன், பைண்டிங் பென்டிரைவ், கேபிள் சீட்டு பட்டியல் எல்லாம் ஒரே பையில ரெடியா இருக்கு. யாரும் முன்வராத பட்சத்துல என்ன பண்றதுன்னு பொதுக்குழுதான் சொல்லணும், சந்தா கட்டினவங்க சொன்னா இன்னும் நல்லா கேக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு: ரிக்கோட 5 மில்லி ஆலன் கீயை போன கூட்டத்துல யாரோ பாக்கெட்ல போட்டுக்கிட்டு போயிட்டீங்க. அது இல்லாம ஸ்டிக்கை நடுவுல இருந்து பக்கத்துக்கு மாத்த முடியலை, எஃப் 16காரங்க மூணு வாரமா நடு ஸ்டிக்லதான் ஓட்டறாங்க, திட்டு எனக்கு விழுது.