பென்னாகரத்திலிருந்து இந்த ஆபீஸ் திரை

மாப்ள,

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை என்று போனில் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. இங்கே கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன், கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, பெங்களூரா மாங்காய் விலையைப் பற்றி மட்டும் எங்கள் மாமனாரிடம் வாயைத் திறந்துவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ பென்னாகரத்திலிருந்து சர்வே படங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் எல்லாம் தாண்டி இங்கே வந்து போவது இனி வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மாதிரி, ஆபீஸ் லினக்ஸ் மெஷினில் (விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர்) உனக்கென்று தனியாக ஒரு அக்கவுண்ட் போட்டுவிட்டேன். என்னுடையதையே நீயும் பயன்படுத்தலாமே என்று கேட்டாய் அல்லவா, அது சரிப்படாது. ஒரே அக்கவுண்டில் இரண்டு பேர் இருந்தால் யார் எந்த ஃபைலை அழித்தார்கள் என்றே தெரியாது, போதாததற்கு என் அக்கவுண்டுக்கு அட்மின் உரிமை வேறு இருக்கிறது. உன் ஃபோல்டரை வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டியிருக்கிறேன், கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் போடும் படங்களுக்கு மட்டும் நாம் இருவரும் எழுதக்கூடிய பொது ஃபோல்டர் ஒன்று வைத்திருக்கிறேன்.

இங்கே இருக்கும் ஆபீஸ் திரையை அங்கே உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது என்று கேட்டாய். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பக்கம் 1984லேயே எம்ஐடியில் எக்ஸ் விண்டோ என்று ஒன்று செய்தார்கள், ஒரு மெஷினில் ஓடும் நிரலின் ஜன்னலை இன்னொரு மெஷினில் காட்டலாம். ஆனால் அது ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் போய்ப் போய்க் கேட்டு வரும், உன் ஊர் சிக்னலில் ஒரு மெனு திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் தூரத்து மெஷினின் திரையை இங்கிருந்து அங்கே காட்டும் வி.என்.சி. என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறேன். 1990களில் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவானது. முழு டெஸ்க்டாப்பும் இங்கேயே ஓடும், மாறிய இடத்தின் படம் மட்டும் உனக்கு வரும், உன் மவுசும் கீபோர்டும் இங்கே வரும். எனக்குப் பிடித்ததே இதில் ஒன்றுதான்: நடுவில் உனக்குக் கரண்ட் போனாலும் நெட் அறுந்தாலும் வேலை போகாது, திரும்பி வந்து சேர்ந்தால் பாதி வரைந்த கோடு அப்படியே நிற்கும். உன் லேப்டாப்பின் 4 ஜிபி மெமரியைப் பற்றியும் கவலை வேண்டாம், கனமான சாட்டிலைட் படத்தைச் சுமப்பது இங்கே இருக்கும் மெஷின்தானே.

பாஸ்வேர்ட் இரண்டு. குழப்பிக்கொள்ளாதே, வாசல் சாவி வேறு, பீரோ சாவி வேறு. அக்கவுண்ட் பாஸ்வேர்டை நான் போனில் சொல்கிறேன், முதல் தடவை உள்ளே வந்ததுமே மாற்றச் சொல்லும், மாற்று. டைப் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளி கூட வராது, கீபோர்ட் கெட்டுப்போச்சு என்று நினைத்துவிடாதே. வி.என்.சி.க்கு நீயே தனியாக ஒன்று வைத்துக்கொள்வாய், அதில் முதல் 8 எழுத்துதான் கணக்கு, அதற்கு மேல் எவ்வளவு நீளமாகப் போட்டாலும் வீண். இப்படிப்பட்ட பலவீனமான பூட்டை நம்பி அதை இன்டர்நெட்டில் திறந்து வைக்கிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நம் மெஷினில் வி.என்.சி. வெளியாள் யாருக்கும் பதில் சொல்லாது, முதலில் எஸ்.எஸ்.எச். என்ற பூட்டிய, ரகசியமான இணைப்பு வழியாக உள்ளே வந்து அந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் திரையைத் தொட முடியும். விண்டோஸ் 10ல் எஸ்.எஸ்.எச். கூடவே இருக்கிறது, திரையைப் பார்ப்பதற்கான டைகர் வி.என்.சி. வியூவரை மட்டும் நீ இறக்கிக்கொண்டால் போதும். உன் திரை எண் 3, அதனால் போர்ட் (மெஷினுக்குள் போகும் கதவின் எண் மாதிரி) 5903. 5900த்தோடு திரை எண்ணைக் கூட்டினால் வருவது அது, அவ்வளவுதான். முதல் தடவை இந்த மெஷினை நம்பலாமா என்று கேட்கும், 'யெஸ்' என்று மூன்று எழுத்தையும் முழுசாக அடி, 'ஒய்' மட்டும் அடித்தால் ஒத்துக்கொள்ளாது.

சில நேரம் வெறும் சாம்பல் நிறத் திரையும் நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு மவுசும் மட்டும் வரும். நெட் போய்விட்டது என்று அர்த்தமில்லை, டெஸ்க்டாப்பைக் கிளப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஓடவில்லை. பெரும்பாலும் அதற்கு ஓடும் அனுமதி கொடுக்காததுதான் காரணம், உனக்கு நான் கொடுத்துவிட்டேன், இருந்தாலும் வந்தால் கூப்பிடு. இலகுவான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்தான் வைத்திருக்கிறேன், தயவுசெய்து அருவிப் படம், பேத்தி படம் என்று வால்பேப்பர் மாட்டாதே, அந்தப் படமும் உன் நெட்டில்தான் வரவேண்டும். சத்தம் வராது, அதனால் யூடியூப் ஆசையெல்லாம் வேண்டாம். அப்புறம், வியூவரை மூடினால் மட்டும் இங்கே ஓடுவது நிற்காது. சாயங்காலம் திரும்ப வேலை பார்ப்பதாக இருந்தால் அப்படியே விடு, வாரக் கடைசியில் மட்டும் நிறுத்திவிட்டுப் போ, இல்லாவிட்டால் மெமரியைச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அடிக்க வேண்டிய வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், அப்படியே காப்பி செய்து ஒட்டு, கையால் அடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸில்தான் இருப்பேன், டிபன் முடித்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து போன் போடு.

உன் மாப்ள
கிருஷ்ணகிரி